ஐவர் வாங்கிய இசைத்தட்டு



சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் தமிழகத்தின் கடைசி ஊர் ஜூஜுவாடி. அதைக் கடந்தால் அத்திப்பள்ளி, கன்னட நாடு. ஜூஜுவாடி என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவது சோதனைச் சாவடியும், அதன்முன் இரவெல்லாம் வரிசை பிடித்து நின்ற சரக்கு லாரிகளுமே. 2017-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் வரிக்காகச் சரக்கைத் தடுத்து நிறுத்தும் வழக்கம் ஒழிந்தது. அதற்கு முன் மூட்டையென்றும் பெட்டியென்றும் எதுவும் கணக்கில்லாமல் அவ்வெல்லையைக் கடக்க இயலாது. ஆயினும் எந்தச் சீட்டும் இல்லாமல், எந்த அலுவலரும் தடுக்காமல், அந்நாளில் அவ்வழியே வந்த சரக்கு ஒன்றுண்டு. அது பாட்டு. அதைப் பற்றித்தான் இத்திங்கள் உங்களோடு பேச விழைகின்றேன்.

ஓசூர் வறண்ட சிற்றூராக இருந்த காலத்தை அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவாயிற்று. 1980-இல் அசோக் லேலண்டு தொழிற்சாலை வந்தது. அதே ஆண்டு டி.வி.எஸ். நிறுவனத்தின் சிறு மொபெட் வண்டி இங்கிருந்து புறப்பட்டு நாடெங்கும் ஓடலாயிற்று. 1987-இல் டைட்டன் கைக்கடிகாரம் வந்தது. திருச்சியிலிருந்தும், நாகர்கோவிலிலிருந்தும், சேலத்திலிருந்தும், ஐ.டி.ஐ. சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு இளைஞர்கள் வந்து இறங்கினர். ஓசூரிலும் ஜூஜுவாடியிலும் ஓட்டு வீடுகளின் பின்கட்டு அறைகள் நால்வருக்கும் ஐவருக்கும் வாடகைக்குக் கிடைத்தன. வீட்டுக்காரர் தெலுங்கு பேசுவார், பால்காரர் கன்னடம் பேசுவார், அறைக்குள் நாஞ்சில் தமிழும் சேலத்துத் தமிழும் ஒன்றையொன்று கேலி செய்துகொண்டிருக்கும். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். ஞாயிற்றுக்கிழமை என்றால் பேருந்து ஏறிவிடுவார்கள்.

இவ்விளைஞர்கள் தத்தம் ஊர்களில் இசைத்தட்டை அறியாதவர்கள் அல்லர். ஆனால் அங்கே அது வீட்டுப் பொருளன்று; மைக்செட்காரருக்குச் சொந்தமான பொருள். கலியாணமோ, காதணி விழாவோ, கோயில் திருவிழாவோ, குழாய் ஒலிபெருக்கியைப் பனைமரத்தின் உச்சியில் கட்டிவிட்டு, நாய் படம் போட்ட தட்டுகளை ஒவ்வொன்றாக உறையினின்று எடுத்துத் துடைத்து வைப்பார் அவர். ஊரே கேட்கும்; தட்டைத் தொடும் உரிமை அவர் ஒருவருக்கே. 'திருவிளையாடல்' வசனத் தட்டைச் சுழலவிட்டால் தருமியின் சொற்களை வயலில் நிற்பவரும் கூடவே சொல்லுவர். திருவிழா இரவில் தேர்ப்பவனி முடிந்ததும் மெல்லிசைக் கச்சேரி. டிரம்ஸ், காங்கோ, எலெக்ட்ரிக் கிதார் ஆகியவற்றை நேரில் கண்டதும் கேட்டதும் நம் ஊர்ப் பிள்ளைகளில் பலர்க்கு அம்மேடையில்தான். ராக் இசை என்னும் சொல்லை அறியுமுன்னரே அதன் கருவிகளை அவர்கள் அறிந்திருந்தனர் என்பது நாம் மறந்துபோகும் செய்தி.

பெங்களூரோ வேறோர் உலகமாயிருந்தது. கண்டோன்மென்ட் பகுதியில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும், படைவீரர் குடும்பங்களும், கல்லூரி மாணவரும் சேர்ந்து வளர்த்த மேனாட்டு இசை மரபு அங்கே நெடுநாளாக உண்டு. 1970-களின் முற்பகுதியில் 'ஹியூமன் பாண்டேஜ்' என்னும் குழு அங்கிருந்து புறப்பட்டு நாட்டின் பல நகரங்களில் வாசித்தது. அதில் தாளம் கொட்டிய ரமேஷ் சோத்தம் சென்னையில் பிறந்தவர். பின்னாளில் தவில், கடம், கஞ்சிரா ஆகியவற்றை ஐரோப்பிய மேடைகளுக்குக் கொண்டு சென்றார். அதே காலத்தில் 'சிம்லா பீட்' என்ற பெயரால் இளைஞர் இசைக் குழுக்களுக்கு ஒரு போட்டி நடந்தது. 1970, 1971 ஆகிய இரு ஆண்டுகளிலும் அப்போட்டிக் குழுக்களின் பாட்டுகள் நீள் இசைத்தட்டுகளாகவே வெளிவந்தன. பெங்களூரின் 'டைனோசார்ஸ்', சென்னையின் 'கன்ஃப்யூஷன்ஸ்' முதலிய குழுக்களின் குரல் இன்றளவும் நிலைத்திருப்பது அத்தட்டுகளால்தான். 'சிம்லா' என்பது ஒரு சிகரெட்டின் பெயர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இளைஞரின் இசை ஆர்வத்தைப் புகையிலை வணிகம்தான் முதலில் கண்டுகொண்டு செலவழித்தது. பள்ளிகளும், சங்கங்களும், நம் பங்குகளும் கண்டுகொள்ளவில்லை.

ஓசூர்த் தொழிலாளர் பெங்களூருக்குப் போகத் தொடங்கியபோது அந்த முதல் அலை ஓய்ந்திருந்தது. எனினும் கல்லூரி விழாக்களில் குழுக்கள் வாசித்துக்கொண்டிருந்தன. சென்னையிலும் ஐ.ஐ.டி.யில் 'மார்டி கிரா' என்னும் பெயரில் நடந்து பின்னர் 'சாரங்' என மாறிய விழாவில் விடிய விடிய ராக் கச்சேரி நடக்கும். பிற்காலத்தில் நாம் எல்லோரும் அறிந்துகொண்ட ஏ. ஆர். ரகுமான், 1992-இல் 'ரோஜா' வெளிவருமுன், சென்னையில் ராக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவர்தாம். நம் வீட்டுப் பாட்டிமார் இன்று விரும்பிக் கேட்கும் பல பாடல்களுக்குள் அந்தக் கல்லூரி மேடைகளின் சத்தம் ஒளிந்திருக்கின்றது.

என் நண்பரொருவர் அந்நாளில் சிப்காட் ஆலையொன்றில் லேத் வேலை பார்த்தவர். இன்று ஓய்வு பெற்று ஜூஜுவாடியிலேயே குடியிருக்கிறார். அவருடைய அறையில் ஐவர். அவருள் ஒருவர் கோலார் தங்கவயல் தமிழர். சுரங்கத்தில் தந்தை வேலை செய்ய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்து, அவர்கள் வீட்டு நடன விருந்துகளைச் சன்னலோரம் நின்று கேட்டு வளர்ந்தவர். அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டன. அவ்வூரின் இசைப் பழக்கத்தையும் அதனோடு சேர்த்து ஒருவாறு மூடிவிட்டார்கள் எனலாம். மற்ற நால்வருக்கும் பீட்டில்ஸ் என்றால் யார், டீப் பர்ப்பிள் என்றால் என்ன என்று கற்பித்தவர் அவரே. எடுத்தவுடன் மற்றவர்க்குப் பிடித்துவிடவில்லை. "இரும்பு ஆலையில் எட்டு மணி நேரம் கேட்டது போதாதா?" என்றாராம் நாகர்கோவில்காரர்.

ஆயினும் மூன்று மாதத்திற்குள் ஐவரும் பணம் போட்டு, பெங்களூரில் பழம்பொருள் கடையொன்றில் எச்.எம்.வி. 'பியஸ்டா' இசைத்தட்டுப் பெட்டியை வாங்கினர். கைப்பெட்டி போல் தூக்கிச் செல்லலாம், மின்கலத்திலும் ஓடும். மின்வெட்டு மிகுந்த அந்நாளில் இது பெரிய வசதி. மின்கலம் தளர்ந்தால் தட்டின் வேகம் குறையும். பாடகர் குரல் மெல்ல மெல்லத் தடித்து, குகைக்குள்ளிருந்து பூதம் பேசுவது போலாகிவிடும். சிரித்துக்கொண்டே நிறுத்திவிட்டு, அடுத்த சம்பள நாள்வரை காத்திருப்பார்கள்.

தட்டு வாங்குவது அதனினும் கடினம். 1991-க்கு முன் அயல்நாட்டுத் தட்டுகளை இறக்குமதி செய்வது எளிதன்று. வளைகுடாவிலிருந்தோ, கப்பல் வேலையிலிருந்தோ யாரேனும் கொண்டுவந்தால் உண்டு. இல்லையேல், கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் கிராமபோன் கம்பெனி உரிமம் பெற்று அச்சிட்ட தட்டுகள். மேனாடுகளில் 78 சுற்று அரக்குத் தட்டு ஏறக்குறைய 1960-ஓடு மறைந்துவிட, நம் நாட்டிலோ மின்சாரமற்ற வீடுகளில் கைச்சுழற்சிப் பெட்டிகள் ஏராளம் இருந்தமையால் 1960-களிலும் அது அச்சாயிற்று. ஆகவே பீட்டில்ஸ் குழுவின் பாட்டுகள் இந்தியாவில் 78 சுற்றுத் தட்டிலும் வந்தன. சோட்டா நாகபுரிக் காடுகளின் அரக்குப் பூச்சி தந்த பிசினில் லிவர்பூல் இளைஞரின் குரல்! அத்தட்டுகளை இன்று உலகெங்கும் தேடி அலைகின்றனர்.

வினைல் என்னும் செயற்கைப் பொருளாலான நீள் இசைத்தட்டோ 1948-இல் அமெரிக்காவில் வந்தது. பன்னிரண்டு அங்குல அகலம். நிமிடத்திற்கு முப்பத்து மூன்றேகால் சுற்று என்று பலர் சொல்லுவர், சரியான கணக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும். ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ இருபது நிமிடம். பக்கத்திற்குப் பல வரிகள் இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றினும், உண்மையில் இருப்பது ஒரே ஒரு வரி. விளிம்பில் தொடங்கி நடுவரை சுருண்டு செல்லும் ஒற்றைக் கீறல். அதன் இரு சுவர்களிலும் உள்ள நெளிவுகளை முள் தடவிச் செல்ல, அந்நடுக்கமே ஒலியாகின்றது. எனவே அறையில் ஒருவர் எழுந்து நடந்தாலும் முள் துள்ளும். "பாட்டு ஓடும்போது எவனும் எழுந்திருக்கக் கூடாது என்பது எங்கள் அறைச் சட்டம்" என்றார் நண்பர். ஆலையில் மூன்று ஷிப்டுகளில் பிரிந்து கிடந்த ஐவரை இருபது நிமிடம் ஒரே பாயில் அசையாமல் உட்கார வைத்த ஆற்றல் வேறு எதற்கு இருந்தது?

கச்சேரிக்குச் சென்ற இரவுகளைக் கேட்டால் அவர் முகம் மலர்கின்றது. நிகழ்ச்சி முடியுமுன் கடைசிப் பேருந்து போய்விடும். நகரின் விளிம்புவரை நடந்து வந்து, தமிழகம் நோக்கிச் செல்லும் லாரியை மறித்து ஏறுவார்கள். லாரி எப்படியும் ஜூஜுவாடிச் சாவடியில் நின்றாக வேண்டுமாதலால் இறங்குவதற்கு யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. காதில் இரைச்சல் அடங்காமலே முதல் ஷிப்டுக்குப் போவார்கள். எந்தக் குழு வாசித்தது, எந்தப் பாட்டு என்று நான் கேட்டேன். ஒன்றிரண்டைத் தவிர அவருக்கு நினைவில்லை. லாரி ஓட்டுநர் பகிர்ந்து கொடுத்த ஆரஞ்சுப் பழம் நினைவிருக்கின்றது.

வீட்டுப் பெரியோர் அந்நாளில் இவ்விசையை எவ்வாறு வெறுத்தனர் என்பதை அறிவோம். தலைமயிர் வளர்ப்பதற்கும், கஞ்சாவுக்கும், ஒழுக்கக் கேட்டுக்கும் அதுவே வாயில் என்றனர். அவ்வச்சம் வெற்றச்சம் என்று நான் சொல்லமாட்டேன். ஜிமி ஹெண்டிரிக்ஸ் 1970 செப்டம்பரிலும், ஜானிஸ் ஜோப்ளின் அதற்கடுத்த மாதத்திலும், ஜிம் மாரிசன் 1971 சூலையிலும் மறைந்தனர். மூவருக்கும் வயது இருபத்தேழே. முதலிருவரையும் கொன்றது போதைதான் என்பதில் ஐயமில்லை. பிள்ளையைப் பெற்றவர் இதைக் கேட்டு நடுங்காமலிருப்பரோ? ஆனால் நோயைக் கிதாரிடம் கண்டதுதான் பொருந்தவில்லை. ஊர்த் திருவிழாக்களில் 'ரிக்கார்டு டான்ஸ்' என்ற பெயரில் நடந்த கூத்தைக் கண்டும் காணாதிருந்த அதே பெரியோர், அறைக்குள் அமர்ந்து தட்டு கேட்ட பிள்ளைகளைச் சந்தேகித்தனர்.

கோயிலுக்குள்ளும் இந்த வழக்கு வந்தது. 1963 டிசம்பரில் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, ஆர்கன் இசைக்கு உயரிய மதிப்பளித்து, தகுதியான பிற கருவிகளுக்கும் வழிவிட்டது. அதன் பயனாய்ப் பாடகர் குழுக்களில் கிதார் நுழைந்தது. சனிக்கிழமை இரவு இசைத்தட்டில் கேட்டு விரல் பழகிய பிள்ளை, ஞாயிறு காலைத் திருப்பலியில் அதே விரல்களால் காணிக்கைப் பாட்டுக்கு வாசித்தான். சேலத்துக்காரர் அவ்வாறு வாசித்தவர்தாம். முன்வரிசைப் பெரியவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம், ஓராண்டில் பழகிவிட்டார்களாம்.

இனி வழக்குக்கு வருவோம்.

ஐவரும் பணம் போட்டு வாங்கிய தட்டுகள் மொத்தம் 23. ஒவ்வொன்றின் உறையிலும், மூலையில், நீல மையால் ஐந்து தலையெழுத்துகள். 1980-களின் நடுவில் கேசட் மலிந்தது. கேசட்டை ஒருவர் தனியே வாங்கலாம், தனியே பதிவு செய்துகொள்ளலாம்; கூட்டாக வாங்க வேண்டிய தேவை போயிற்று. ஒவ்வொருவருக்காகக் கலியாணம் ஆயிற்று. அறை கலைந்தது. கடைசியாக அறையைப் பூட்டியவர் நம் நண்பர். ஆகவே தட்டுகள் அவரிடம் தங்கின. நாற்பது ஆண்டுகளாக மரப்பெட்டியில், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், புத்தகம் போல் நிமிர்த்தி வைத்துக் காத்துவருகிறார். படுக்கையாக அடுக்கினால் பாரத்தாலும் வெயிலாலும் வளைந்துவிடும் என்பது, வீட்டில் பழைய தட்டு வைத்திருப்போர் அறிய வேண்டிய செய்தி. அழுக்கைத் துடைக்க ஈர மென்துணி போதும். அரக்குத் தட்டின்மேல் மட்டும் ஸ்பிரிட் பட்டுவிடக் கூடாது, கரைந்துவிடும்.

இப்போது தட்டுக்கு மறுவாழ்வு வந்திருக்கின்றது. அமெரிக்காவில் 2022-இல் குறுந்தகடுகளைவிட இசைத்தட்டுகள் எண்ணிக்கையில் கூடுதலாக விற்றன; 1987-க்குப்பின் அவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை. நம் நகரங்களிலும் பழைய தட்டுக்கு விலை ஏறிவிட்டது. சென்னை மூர் மார்க்கெட் 1985 மே மாதத் தீயில் அழியுமுன் அங்கே தரையில் பரப்பிக் கிடந்த பொருள், இன்று கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றது. பெங்களூர் வியாபாரி ஒருவர் நண்பர் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்த்து, மொத்தத்திற்கும் நல்ல தொகை சொன்னார். மகன் மகிழ்ந்தார். அவர் பெங்களூரில் அடுக்ககம் வாங்கித் தந்தையைத் தம்மோடு அழைத்துக்கொள்ள இருக்கிறார். பெட்டிக்கு அங்கே இடமில்லை. தந்தையோ, "இதில் எனக்குரியது ஐந்தில் ஒரு பங்குதான். மற்ற நால்வரைக் கேட்காமல் விற்க எனக்கு உரிமையில்லை" என்று சொல்லிவிட்டார். வீட்டில் ஒரு வாரம் பேச்சு வார்த்தையில்லை. என்னை அழைத்து, "நீங்களாவது அப்பாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள்" என்றார் மகன்.

மகன் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. நாற்பதாண்டு எவரும் கேட்டு வராத பொருள். தட்டு கேட்கும் பெட்டியும் பழுதாகி நெடுநாளாயிற்று. தந்தையின் மருந்துச் செலவையும் அவர்தான் பார்க்கிறார். "ஒரு பாட்டையும் கேட்கப் போவதில்லை, வைத்திருந்து என்ன செய்வது?" என்பது நேர்மையான கேள்வி. ஆனாலும் எனக்குத் தந்தை சொன்னதே சரியாகப் பட்டது, அப்படியே சொன்னேன். பழைய பொருளின்மேல் அவர் வைத்த பற்று பெரிதென்பதால் அன்று. பொருளுக்கு விலை ஏறிய பிறகே பங்காளிகளை மறக்கத் தோன்றும். விலை ஏறிய அந்த வேளையில் இவர் அவர்களை நினைத்தார். பத்து சென்ட் நிலத்துக்காக உடன்பிறந்தாரின் கையெழுத்தைத் தவிர்க்க வழி தேடுவோரை நாம் அன்றாடம் பார்க்கிறோமல்லவா?

மூன்று மாதம் தேடினார்கள். தேடுவதில் மகனே பின்னர் உதவினார். திருச்சிக்காரர் தொலைபேசியில் அழுது, தம் பங்கை எவ்வாறேனும் செய்துகொள்ளச் சொன்னார். நாகர்கோவில்காரர் வளைகுடாவில் மகள் வீட்டில் இருக்கிறார்; விற்றுவிட்டு எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தரும்படி அவர் ஆணை. சேலத்துக்காரரின் முகவரி மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. தங்கவயல் நண்பர் காலமாகிப் பல ஆண்டுகளாயின என்னும் செய்தி இவர்களுக்கு அப்போதுதான் தெரியவந்தது. அவருடைய மகள் பெங்களூரில் செவிலியராக இருக்கிறார்; செய்தி கேட்டு, விடுமுறை நாளொன்றில் ஜூஜுவாடிக்கு வந்தார்.

பெட்டியைத் திறந்து அவர் முன் வைத்தார்கள். ஒவ்வோர் உறையாக எடுத்து, மூலையிலிருந்த தந்தையின் எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பங்குக்கு நாலைந்து தட்டுகள் வரும், விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம் என்றார் நண்பர். அப்பெண் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். 1969-இல் பீட்டில்ஸ் குழு வெளியிட்ட 'அபே ரோட்'. நால்வர் சாலையைக் கடக்கும் அந்த அட்டைப்படத்தை அவர் தந்தை வீட்டுச் சுவரில் வெட்டி ஒட்டியிருந்தாராம். அத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் பாட்டுகள் பல ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டு இடைவெளியின்றி ஓடும்.

தம்மிடம் தட்டு கேட்கும் பெட்டி இல்லை என்றும், வாங்கும் எண்ணமும் இப்போதைக்கு இல்லை என்றும் அவர் சொன்னார். மகன் சற்றே என்னைத் திரும்பிப் பார்த்தார். பின்னர் அப்பெண் தட்டை உறையிலிருந்து பாதி வெளியே எடுத்து, இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்கிள், அப்பா முதலில் எந்தப் பக்கத்தைப் போடுவார்?" என்று கேட்டார்.

"இரண்டாம் பக்கத்தைத்தான், அம்மா" என்றார் நண்பர். "நடுவில் நிற்காதல்லவா, அதனால் எங்களில் யாரும் எழுந்து போக முடியாது."